யார் முடிவு, யார் வயிறு: வணிகத் தடையும் ஜனநாயகமும்

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. அதில் பாதி, அதாவது 25 சதவீதம், இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை என்று வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பலரும் இதைத் திருப்பூர்ச் செய்தியாகப் படித்தார்கள். ஆரம்பாக்கம் தாண்டி தடா, சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர் என்று நெல்லூர்ப் பக்கம் நீளும் எங்கள் எல்லைப் பகுதியில் அது இறால் செய்தி.

வனாமி என்ற வளர்ப்பு இறால் குஞ்சைக் குட்டையில் விட்டால் மூன்று, நான்கு மாதத்தில் பிடிப்புக்கு வரும். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் கவுண்ட். 30 கவுண்ட் என்றால் பெரிய இறால், நல்ல விலை. 100 கவுண்ட் என்றால் பொடி. பெரிய இறாலுக்கு அமெரிக்காதான் முக்கியமான சந்தை. அந்த ஆகஸ்டில் குட்டையில் இறால் இருந்தவர் என்ன செய்திருக்க முடியும்? வரி இறங்கும் என்று நம்பித் தீவனத்துக்கும், குட்டைத் தண்ணீருக்குக் காற்று ஊட்டும் ஏரேட்டர் கரண்டுக்கும் தினமும் பணம் கொட்டலாம். இல்லாவிட்டால் நோய் விழுவதற்குள் சின்னதாகவே பிடித்து, வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கலாம்.

ரஷ்ய எண்ணெயை வாங்கியவை சுத்திகரிப்பு நிறுவனங்கள். வாங்கலாம் என்று விட்டது டெல்லி. தண்டிக்கலாம் என்று முடிவெடுத்தது வாஷிங்டன். இந்த மூன்று முடிவிலும் குட்டைக்காரருக்குப் பங்கில்லை. டெல்லியையாவது அடுத்த தேர்தலில் அவர் கேள்வி கேட்கலாம். வாஷிங்டனைக் கேட்க அவருக்கு ஒரு வழியும் கிடையாது.

சட்டப்படி இது வரிதான், வணிகத் தடை இல்லை. சரி. ஆனால் இன்னொரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை மாற்ற, அந்த நாட்டு மக்களின் பிழைப்பைப் பிடித்து இறுக்குவது என்ற வேலையில் இரண்டும் ஒன்று. வாங்க மாட்டேன், விற்க மாட்டேன், என் பணத்தில் கணக்குத் தீர்க்க விட மாட்டேன், உன்னோடு வியாபாரம் செய்கிற மூன்றாவது ஆளையும் விட மாட்டேன் என்று அது படிப்படியாக இறுகும். இப்படி இறுக்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஜனநாயகத்துக்கு எப்போதும் தனி இடம் உண்டு. அந்தக் காரணத்தைத்தான் நான் இங்கே கேள்வி கேட்கிறேன்.

ஜனநாயகத்தை ஓட்டுப் பெட்டியோடு நிறுத்திவிட முடியாது. ஒரு முடிவின் பாரத்தைச் சுமக்கப் போகிறவருக்கு, அந்த முடிவை எடுக்கவும் மாற்றவும் ஒரு சொல் இருக்க வேண்டும். ஓட்டு அதற்கான கருவிகளில் ஒன்று. வணிகத் தடை இந்த உறவையே அறுத்துவிடுகிறது. முடிவு ஒரு நாட்டு மக்களுடையது, வலி இன்னொரு நாட்டு மக்களுடையது. தடை போட்ட நாடு எவ்வளவு நல்ல ஜனநாயகமாக இருந்தாலும் இந்த இடைவெளி மூடுவதில்லை.

ஜனநாயகத்தின் தாய்வீடு என்று சொல்லப்படும் ஏதென்ஸிலேயே இது நடந்திருக்கிறது. கி.மு. 432 வாக்கில் பக்கத்து நகரமான மெகாராவின் வியாபாரிகள் ஏதென்ஸ் சந்தைக்கும், அதன் ஆதிக்கத்தில் இருந்த துறைமுகங்களுக்கும் வரக் கூடாது என்று மக்கள் சபை தீர்மானம் போட்டது. முறைப்படி கூடிய சபை, முறைப்படி எடுத்த முடிவு. மெகாராக்காரர்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை. தீர்மானத்தை விலக்கிக்கொள்ளும்படி போட்டி நகரமான ஸ்பார்ட்டா கேட்டது, ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் மறுத்தார். அடுத்து வந்த நீண்ட போரின் காரணங்களில் அந்தத் தீர்மானமும் ஒன்று.

முதல் உலகப் போர் முடிந்ததும் தடைக்கு ஒரு புதுப் பெருமை வந்தது. 1919இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் இதை அமைதியான, சத்தமில்லாத, ஆனால் கொல்லக்கூடிய மருந்து என்று புகழ்ந்தார். தடைக்கு ஆளான நாட்டுக்கு வெளியே ஓர் உயிரும் போகாது என்பதை அதன் சிறப்பாகச் சொன்னார். உள்ளே போகும் உயிரைப் பற்றி அவர் தெரியாமல் பேசவில்லை. ராணுவத்தை அனுப்பினால் சொந்த நாட்டு வாக்காளர் வீட்டுக்குச் சவப்பெட்டி வரும், கேள்வி வரும். தடை போட்டால் எதுவும் வராது. ஜனநாயக நாடுகளுக்கு இந்த ஆயுதம் இவ்வளவு பிடித்துப்போனதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கியூபாவைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. அந்த நாட்டின் மீதான அமெரிக்கத் தடை 1960 அக்டோபரில் அதிபர் ஐசனோவர் காலத்தில் பகுதியாகத் தொடங்கி, 1962 பிப்ரவரியில் அதிபர் கென்னடி கையெழுத்தில் முழுத் தடையானது. இடையில் தளர்ந்தும் இறுகியும் இன்றுவரை நீடிக்கிறது. தடை முழுதாவதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு குறிப்பு பின்னாளில் அமெரிக்க அரசின் ஆவணத் தொகுப்பிலேயே வெளியானது. 1960 ஏப்ரல் 6 தேதியிட்டது. எழுதியவர் வெளியுறவுத் துறை அதிகாரி லெஸ்டர் மாலரி. கியூப மக்களில் பெரும்பாலோர் தங்கள் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரிக்கிறார்கள் என்று தொடங்குகிறார். பயனுள்ள எதிர்க்கட்சி எதுவும் இல்லை என்கிறார். ஆகவே உள்நாட்டு ஆதரவைக் கரைக்கக் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வழி பொருளாதாரக் கஷ்டத்தால் வரும் வெறுப்பும் ஏமாற்றமும்தான் என்கிறார். பணமும் சரக்கும் போகாமல் தடுத்து, கூலியைக் குறைத்து, பசியையும் விரக்தியையும் உண்டாக்கி, அரசைக் கவிழ்க்க வேண்டும் என்று முடிக்கிறார்.

பெரும்பாலோர் ஆதரிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஆதரவுதான் தீர்க்க வேண்டிய சிக்கல் என்று அவர் கணக்குப் போடுகிறார். காஸ்ட்ரோ அரசு தேர்தல் நடத்தவில்லை, எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளியது, பத்திரிகைகளை மூடியது. அதையெல்லாம் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தின் மனதைப் பசியால் மாற்றலாம் என்ற திட்டத்துக்கு ஜனநாயகம் என்று பெயர் வைக்க முடியாது. பெயர் வைத்தார்கள். தடையை இறுக்கிய 1992 சட்டத்தின் பெயரே கியூப ஜனநாயகச் சட்டம். 1996இல் வந்த அடுத்த சட்டத்தின் பெயரிலும் சுதந்திரமும் ஜனநாயகமும் உண்டு. அந்த 1996 சட்டம் தடையை நிரந்தரச் சட்டமாக்கியதால், பின்னால் வந்த அதிபர் நினைத்தாலும் தனியாக முழுத் தடையையும் எடுக்க முடியாது. தடையைக் கண்டித்து ஐ.நா. பொதுச் சபை 1992 முதல் தீர்மானம் நிறைவேற்றி வருகிறது. 2024இல் 187 நாடுகள் தீர்மானத்தை ஆதரித்தன. எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும். இந்தியா கியூபாவின் பக்கம். இத்தனை வாக்குகளும் தடையை அசைக்கவில்லை.

சிலி நாட்டுக்கதை இதைவிடத் தெளிவு. 1970இல் சால்வடோர் அயெந்தே அங்கே தேர்தலில் வென்றவர். அவர் பதவியேற்பதற்கு முன்பே, செப்டம்பர் 15 அன்று, சிலியின் பொருளாதாரம் அலற வேண்டும் என்று அமெரிக்க அதிபர் நிக்சன் சொன்னதை அவரது உளவுத் துறைத் தலைவர் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். 1973இல் ராணுவம் அயெந்தே ஆட்சியைக் கவிழ்த்தது. அதன்பின் வந்த பினோசே தேர்தலே இல்லாமல் ஆண்டபோது, மூடியிருந்த வெளிநாட்டுக் கடன் கதவுகள் திறந்தன.

தடையால் ஆட்சியாளர் பலவீனமாவார் என்பது இதன் பின்னால் இருக்கும் நம்பிக்கை. ஈராக்கைப் பார்ப்போம். 1990 ஆகஸ்ட் 6 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை அந்த நாட்டின் மீது ஏறக்குறைய முழுத் தடை விதித்தது. அடுத்த மாதமே சதாம் உசேன் அரசு ரேஷன் முறையைக் கொண்டுவந்தது. மாவு, அரிசி, சர்க்கரை, எண்ணெய், டீ எல்லாம் அரசு கொடுத்தால்தான். ரேஷன் அட்டை எவ்வளவு பெரிய பிடி என்று நமக்குத் தெரியும். ஜனநாயகத்தில் வாழும் நாமே அட்டையில் பேர் விட்டுப்போனால் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறோம். சர்வாதிகாரியின் கையில் அந்த அட்டை இருந்தால் என்ன ஆகும்? தனியார் கடையில் வாங்கும் வசதி இருந்தவரைக்கும் அரசைச் சாராமல் இருந்த நடுத்தர வர்க்கமும் தடைக்குப் பின் அரசின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. பாக்தாத்தில் ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளை நடத்திய டெனிஸ் ஹாலிடே 1998இல் இதைத் தாங்க முடியாமல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000இல் விலகினார். சதாம் விலகவில்லை.

தமிழர்களுக்கு இதை விளக்க ஈராக் வரை போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1990களின் தொடக்கத்தில் வாழ்ந்த யாரிடம் கேட்டாலும் பொருளாதாரத் தடை என்றதும் ஒரு விளக்கைப் பற்றிச் சொல்வார்கள். முகாமில் எனக்குப் பழக்கமான அம்மா ஒருவர் அதை எப்படிச் செய்வது என்று கையாலேயே காட்டினார். காலி ஜாம் போத்தல் ஒன்று. அடியில் கொஞ்சம் பஞ்சு. அந்தப் பஞ்சு நனைகிற அளவுக்குத்தான் மண்ணெண்ணெய், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. மேலே சின்னத் திரி. காற்றில் அணையாமல் போத்தலே காப்பாற்றும். "பிள்ளையள் அந்த வெளிச்சத்திலதான் படிச்சவை, தம்பி" என்றார். வானொலி கேட்க வேண்டுமென்றால் பேட்டரி இல்லை, சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ பாடும். மோட்டார் சைக்கிளுக்கு ஓரிரு சொட்டு பெட்ரோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

எரிபொருள், பேட்டரி, சிமெண்ட், உரம் என்று தடைப் பட்டியல் நீளமானது. புலிகள் கைக்குப் போய்விடும் என்பது கொழும்பு சொன்ன காரணம். தடையை மீறி உள்ளே வந்த சரக்குக்குப் புலிகளே வரி வசூலித்தார்கள் என்பதும் உண்மை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அந்த ஜாம் போத்தல். இலங்கையில் 1931இலேயே வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஆசியாவில் முதல். அப்படிப்பட்ட நாட்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுதான் தன் சொந்தக் குடிமக்கள் மீதே தடை போட்டது. வாக்குரிமை ஏட்டில் இருந்தும், முடிவெடுக்கும் இடத்தில் அந்த மக்களுக்குச் சொல் இல்லாமல் போனது.

தடைக்கு ஆளாகும் அரசிடம் பணமும் படிப்பும் இருந்தால் கதை வேறு. இந்தியாவின் இஸ்ரோவும் ரஷ்யாவின் கிளாவ்கோஸ்மோஸ் நிறுவனமும் 1991இல் செய்துகொண்ட கிரையோஜெனிக் எஞ்சின் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் ராக்கெட் எஞ்சின்) ஒப்பந்தத்துக்காக, 1992 மே மாதம் அமெரிக்கா இரண்டு அமைப்புகள் மீதும் தடை விதித்தது. அடுத்த ஆண்டு ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தருவதிலிருந்து பின்வாங்கி, செய்து முடித்த ஏழு எஞ்சின்களை மட்டும் தந்தது. சொந்த எஞ்சினோடு 2010 ஏப்ரலில் பறந்த ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது வென்றது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் அந்தப் புகைக்கோட்டைப் பார்த்திருப்பார்கள். தடைதான் நம்மை வளர்த்தது என்று இதைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. ஓர் அரசு 22 ஆண்டுகள் காத்திருக்கும். இறால் குட்டைக்காரருக்கு அடுத்த குஞ்சுக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய தேதி வரைக்கும்தான் அவகாசம்.

நாம் தடைக்கு ஆளானவர்கள் மட்டும் இல்லை, போட்டவர்களும்கூட. 1989 மார்ச்சில் நேபாளத்துடனான வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது இந்தியா அவற்றைப் புதுப்பிக்காமல், எல்லையில் இரண்டு வழியைத் தவிர மற்றதை மூடியது. சீனாவிடம் நேபாளம் ஆயுதம் வாங்கியதில் வந்த கோபம் அது. மறு ஆண்டு மக்கள் எழுச்சி வெடித்து, 1990 ஏப்ரலில் மன்னர் பிரேந்திரா கட்சிகள் மீதான தடையை நீக்கினார். வணிகத் தடை ஜனநாயகத்தைக் கொண்டுவரும் என்பவர்களுக்கு இது வலுவான எடுத்துக்காட்டு, மறுக்க மாட்டேன். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு மன்னராட்சி மீதான கோபத்தைக் கூட்டியது. ஆனால் டெல்லி கதவை மூடியது நேபாளிகளின் வாக்குரிமைக்காக இல்லை. எழுச்சியை நடத்தியவர்கள் பல ஆண்டுகள் சிறையிலும் தலைமறைவிலும் கழித்த நேபாளி காங்கிரஸ்காரர்களும் இடதுசாரிகளும்.

2015இல் நடந்தது இதற்கு நேர்மாறு. அந்த ஏப்ரலில்தான் நேபாளத்தைப் பூகம்பம் குலைத்துப் போட்டிருந்தது. செப்டம்பர் 20 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபை உருவாக்கிய அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. தராய் சமவெளியின் மாதேசி மக்களுக்கு அதில் நியாயமான மனக்குறை இருந்தது. அடுத்த சில நாள்களில் எல்லையில் லாரிகள் நின்றன. மாதேசிப் போராட்டத்தால் நிற்கின்றன என்றது இந்தியா. இந்தியா நிறுத்துகிறது என்றது நேபாளம். காத்மாண்டுவில் கேஸ் சிலிண்டரும் மருந்தும் கிடைக்காமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். அடுத்த மார்ச்சில் பிரதமர் ஒலி பெய்ஜிங் போய், சீனத் துறைமுகங்கள் வழியாகச் சரக்குக் கொண்டுவர ஒப்பந்தம் போட்டார். 2017 தேர்தலில் அவரது இடதுசாரிக் கூட்டணி பெரும் வெற்றி பெற்றது. பசி வந்தால் மக்கள் தங்கள் அரசைத் திட்டுவார்கள் என்று கணக்குப் போட்டவர்கள், எல்லைக்கு அப்பால் இருப்பவரைத் திட்டுவார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் எல்லைக்கே திரும்பினால், மாங்காய்த் தடை. 2025இல் மகசூல் அதிகமாகி விலை படுத்துவிட்டது. ஆந்திரப் பக்கம் தோத்தாபுரி, நம் பக்கம் பெங்களூரா, கிளிமூக்கு என்று சொல்கிற அந்தக் கூழ் மாங்காய் வேறு மாநிலங்களிலிருந்து வரக் கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் ஜூன் 7 அன்று உத்தரவிட்டது. தமிழ்நாடு, கர்நாடக எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா ஜூன் 11 அன்று ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். சித்தூர் விவசாயியின் நெருக்கடி பொய்யில்லை. கூழ் ஆலைகள் உள்ளூர்க் காயை முதலில் எடுக்கட்டும் என்று அவர் கேட்பதில் என்ன தப்பு? ஆனால் கர்நாடகத்தின் ஸ்ரீனிவாசபுராவிலும் நம் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறவர் சித்தூர் ஆலையை நம்பித்தான் மரம் வைத்தார்.

இந்த நிலைமையை நினைத்துத்தான் நம் அரசமைப்பில் 301ஆம் பிரிவை வைத்தார்கள். இந்தியா முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது அது. பொது நலனுக்காக ஒரு மாநிலம் கட்டுப்பாடு விதிக்க 304ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, ஆனால் அதற்குச் சட்டமன்றத்தில் மசோதா வேண்டும், மசோதாவைக் கொண்டுவருவதற்கு முன்பே குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும். மாங்காய் லாரி நின்றால் கேட்பதற்கு விவசாயிக்கு ஒரு முதல்வர், ஒரு நீதிமன்றம், ஒரு நாடாளுமன்றம் இருக்கிறது. தாமதமாகலாம், தோற்கலாம், ஆனால் கேட்க இடம் உண்டு. நாட்டின் எல்லையைத் தாண்டியதும் அந்த இடம் காணாமல் போகிறது.

அப்படியானால் எந்தத் தடையும் கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளையர் நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா இருக்கிறதே. 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்த ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து போனது. அதில் தமிழரும் தெலுங்கரும் ஒப்பந்தக் கூலிகளாக ஏறியிருந்தார்கள். பின்னால் போன கப்பல்களில் வட ஆற்காட்டு ஆட்கள் ஏராளம், அன்றைய வட ஆற்காட்டில் சித்தூரும் சேர்த்தி. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் நில உரிமையைப் பறித்து 1946இல் ஒரு சட்டம் வந்தபோது, அங்கிருந்த இந்தியர் காங்கிரஸின் குழு இங்கே வந்து, தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்துங்கள் என்று கேட்டது. அந்த ஜூலையிலேயே, சுதந்திரத்துக்கு முன்பே, இந்தியா நிறுத்தியது. அன்று இந்திய ஏற்றுமதியில் 5 சதவீதத்துக்கு மேல் அங்கே போய்க்கொண்டிருந்தது. நஷ்டம் நமக்கும் சேர்த்துத்தான்.

1959இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி உலகத்தைப் பார்த்து அதே கோரிக்கையை வைத்தார். கறுப்பின மக்கள்தான் முதலில் பட்டினி கிடப்பார்கள் என்று தடையை எதிர்த்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கஷ்டம் வரும், ரத்தம் சிந்தும் காலத்தை அது குறைக்குமானால் அந்த விலையைக் கொடுக்க நாங்கள் தயார் என்பது லுத்துலியின் பதில். கியூபாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்தப் பதிலில்தான் இருக்கிறது. சுமக்கப் போகிறவரே கேட்டார். ஓட்டு இல்லாத மக்கள் தங்கள் அமைப்புகள் வழியாக எடுத்த முடிவு அது. வெளிநாடுகள் பின்தொடர்ந்தன, அதுவும் மெதுவாக. அமெரிக்க நாடாளுமன்றம் ரீகனின் மறுப்பையும் மீறித் தடைச் சட்டத்தை நிறைவேற்ற 1986 வரை ஆயிற்று.

இந்த அளவுகோலும் சிக்கலில்லாதது இல்லை. மியான்மரில் ஆங் சான் சூகியின் கட்சி தடைகளை ஆதரித்தது. 2003இல் அமெரிக்கா இறக்குமதியை நிறுத்தியதும் யாங்கோன் தையல் ஆலைகள் மூடி, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை இழந்தார்கள். நாட்டை ஆண்டு, தாய்லாந்துக்கு எரிவாயு விற்ற ராணுவத் தளபதிகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. கட்சி கேட்டது, ஆனால் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கட்சி கேட்டதா? கேட்டவர் யார் என்பதோடு, எதை நிறுத்துவது, எப்போது விடுவது என்பதையும் சுமக்கிறவர்கள் சொல்ல வேண்டும். ஆயுதம், எண்ணெய், தளபதிகளின் வங்கிக் கணக்கு என்று குறிவைப்பது ஒரு வகை. ஒரு நாட்டின் தையல்காரியையும் இறால்காரரையும் பிடித்து வைத்துக்கொண்டு அரசோடு பேரம் பேசுவது வேறு வகை.

தென்னாப்பிரிக்கத் தடையில் முடிக்கும் உரிமையும் அந்த மக்களிடமே இருந்தது. 1993 செப்டம்பர் 24 அன்று நெல்சன் மண்டேலா ஐ.நா.வில் எழுந்து, பொருளாதாரத் தடைகளை இனி நீக்கலாம் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவர் அதிபர் இல்லை, வாழ்க்கையில் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதும் இல்லை. நாடுகள் நீக்கத் தொடங்கின. அந்த நவம்பரிலேயே இந்தியா தூதரக உறவைப் புதுப்பித்தது. அந்த நாட்டில் எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் அடுத்த ஏப்ரலில் நடந்தது.